கால் மடங்கினால் தரை

விசாலாக்ஷிக்கு இருந்தது ஒன்றும் பெரிய ஆசை இல்லை. ஒரு ஜெர்மன்காரர் வயலினுக்கும் பியானோவுக்குமாக எழுதிவைத்த சொனாட்டா ஒன்று. மூன்று பாகம். நின்று நிதானமாக வாசித்தாலும் அரைமணிக்குள் முடிந்துவிடும். அதை முதல் ஸ்வரத்திலிருந்து கடைசி ஸ்வரம் வரை, நடுவில் யாரும் நிறுத்தாமல், நாலு பேர் முன்னால் ஒரே ஒரு தடவை வாசித்துவிட வேண்டும். இவ்வளவுதான். காசிக்குப் போக ஆசைப்பட்டவர்கள் போய்விட்டு வந்தார்கள். கார் வாங்க ஆசைப்பட்டவர்கள் வாங்கி, அதைத் தெருவை அடைத்து நிறுத்தவும் செய்தார்கள். இவளுடைய அரைமணி நேரத்துக்கு மட்டும் கொச்சியின் மட்டாஞ்சேரி முழுக்கக் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது.

அவள் பியானோ கற்றுக்கொண்டதே ஒரு விபத்து. போர்ட் கொச்சி கான்வென்டில் வேதபாட வகுப்பு நடக்கும்போது இந்துக் குழந்தைகளைச் சும்மா விடக் கூடாதென்று தையல் வகுப்புக்கு அனுப்புவார்கள். விசாலாக்ஷி தைத்த கைக்குட்டையைப் பார்த்த கன்னியாஸ்திரீ, அதைத் திருப்பி, மறுபடி திருப்பி, எது மேல்பக்கம் என்று தெரியாமல், இந்தப் பெண்ணைப் பியானோ அறைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார். ஊசி பிடிக்கத் தெரியாத விரல்கள் அங்கே போய்க் கட்டையில் விழுந்ததும் யாரோ அவிழ்த்துவிட்டதுபோல் ஓட ஆரம்பித்தன. பள்ளிக்கூடம் முடிவதற்குள் சொனாட்டா வரைக்கும் வந்துவிட்டாள். ஆனால் கான்வென்டில் வயலின் வாசிக்க ஆள் இல்லை. ஆகையால் அவள் தெரிந்துவைத்திருந்தது பாதிச் சொனாட்டாதான். கேள்வி ஒருவரும் பதில் ஒருவருமாகப் போகும் சங்கீதம் அது. இவள் பல வருஷம் பதிலை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். கேள்வி என்னவென்று காகிதத்தில் பார்த்ததோடு சரி.

பிறகு கல்யாணம். மாப்பிள்ளை வெங்கிட்டு மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் குமாஸ்தா. நல்ல மனுஷன். சங்கீதம் மட்டும் சுத்தமாகக் கிடையாது. கச்சேரியும் மழையும் அவன் காதுக்கு ஒன்று. மழையாவது நின்றால் தெரியும் என்பான். அவன்தான் 1972-இல், கம்பெனியின் வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்கே திரும்பிப் போகும்போது, பங்களாவில் கிடக்கும் பியானோ யாருக்காவது வேண்டுமா என்று கேட்டதற்குக் கையைத் தூக்கினான். ஆபீஸே அவனைத் திரும்பிப் பார்த்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "விசாலம், ஒரு சாதனம் வரது" என்றான். அவள் அம்மிக்கல் என்று நினைத்துக்கொண்டாள்.

வந்தது கறுப்பாக, பீரோவைப் போல நிமிர்ந்து நிற்கும் பியானோ. பஜாரில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களின் யூனியன் தலைவர் இசக்கிமுத்து தன் ஆட்களோடு கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். விசாலாக்ஷி வாசலில் நின்று அதைப் பார்த்ததும் புடவைத் தலைப்பால் அதன்மேல் இருந்த மிளகுத் தூசியைத் துடைக்க ஆரம்பித்தாள். வெங்கிட்டுவுக்குத் தான் வாழ்க்கையில் செய்த காரியங்களிலேயே பெரிய காரியம் இதுதான் என்று தோன்றியது. அப்புறம்தான் வாசலை யாரும் அளந்து பார்க்கவில்லை என்பது தெரிந்தது.

பியானோ வீட்டுக்குள் போகவில்லை. நேராகப் போகவில்லை, படுக்கவைத்தும் போகவில்லை, நிலையைப் பெயர்த்தாலும் போகாது என்று ஆசாரி சொல்லிவிட்டான். அன்றைக்கென்று மழை வேறு. தார்ப்பாயைப் போர்த்தித் தெருவிலேயே நிறுத்திவைத்தார்கள். இரண்டு ஆடுகள் அதன் கீழே ஒதுங்கின. அப்போதுதான் வக்கீல் கல்யாணராமன் குடையோடு வந்தார். அவர் தமிழ்ச் சமூக சபையின் காரியதரிசி. கோயில் தெருவில் சபைக்கு ஒரு மண்டபம் உண்டு. அதன் மேடையில் பியானோவை வைத்துக்கொள்ளலாம், பதிலுக்கு நவராத்திரியில் விசாலாக்ஷி ஒரு கச்சேரி செய்ய வேண்டும் என்றார். இது சேம்பர் மியூசிக், ஒரு அறைக்குள் நாலு பேருக்காக வாசிக்கிற சங்கீதம் என்று அவள் தயங்கினாள். அதற்கென்ன, நம் சபைக்கு எப்போதும் நாலு பேர்தான் வருகிறார்கள் என்று அவர் தைரியம் சொன்னார்.

இசக்கிமுத்துவின் ஆட்கள் பியானோவை மேடையில் ஏற்றிவிட்டுச் சாயா குடிக்கப் போனார்கள். மறுநாள் காலையில் நாணு வந்தார். நாணு கோயில் தெருச் சுமட்டுக்காரர்களின் தலைவர். இந்தத் தெருவில் எது இறங்கினாலும் ஏறினாலும் அது அவருடைய ஆட்களின் வேலை. பஜார்க்காரர்கள் எப்படி இங்கே வந்து தொட்டார்கள் என்று நியாயமாகவே கேட்டார். ஆளுக்கொரு சாயா வந்தது, பேச்சு நடந்தது.

"ஏத்தினது ஏத்தியாச்சு, போகட்டே" என்றார் நாணு. "இனி இறக்கணுமெங்கில் ஞங்கள்தன்னே இறக்கும்."

இசக்கிமுத்து திருநெல்வேலிப் பக்கத்து ஆள். "ஏத்துனவன்தான் இறக்கணும். பாதி வேலையப் பாத்துட்டுப் போறதுக்கு நாங்க என்ன கூத்துக்காரனுவளா?" என்றார்.

அதோடு பியானோவின் விதி எழுதப்பட்டுவிட்டது. ஒரு சாண் நகர்த்துவதென்றாலும் இரண்டு யூனியனும் வந்து நிற்கும். வந்து நின்றால் யாரும் தொட முடியாது. சுவரோடு ஒட்டிவைத்திருந்த பக்கத்தில் பல்லி குடும்பம் நடத்தியது. அதை விரட்டுவதற்குக்கூட நகர்த்த வழியில்லை.

சரி, வீடாக இருந்தால் என்ன, மண்டபமாக இருந்தால் என்ன என்று விசாலாக்ஷி மனதைத் தேற்றிக்கொண்டு வாசிக்க உட்காரப் போனாள். உட்கார நாற்காலி வேண்டுமல்லவா? அங்கேதான் சனி.

சபை மேடையில் நாற்காலி கூடாது. இது எழுதிவைத்த விதி. ஒரு காலத்தில் ஏதோ ஒரு பெரிய அதிகாரி தலைமை தாங்க வந்து, மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பூட்ஸ் காலைச் சரஸ்வதி படத்துக்கு நேரே நீட்டிவிட்டார். அதைச் சொல்லலாமா கூடாதா என்ற சண்டையில் சபை இரண்டாக உடைந்து, பாதிப் பேர் எர்ணாகுளத்துக்குப் போய் வேறு சபை வைத்துக்கொண்டார்கள். மீதிப் பேர் நாற்காலியைத் தடைசெய்தார்கள். அன்றுமுதல் அந்த மேடையில் யாராக இருந்தாலும் சம்மணம் போட்டுத்தான் உட்கார வேண்டும்.

தரையில் உட்கார்ந்தால் பியானோக் கட்டை தலைக்கு மேலே இருக்கிறது. கமிட்டி கூடி யோசித்தது. இரண்டு தேயிலைப் பெட்டியை வைத்து மேலே பலகை போட்டுக்கொண்டால்? அதுவும் நாற்காலிதானே என்று ஒருவர் ஆட்சேபித்தார். கல்யாணராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"கால் தொங்கினா அது நாற்காலி. கால் மடங்கினா அது தரை."

கமிட்டிக்கு மிகுந்த திருப்தி. விசாலாக்ஷிக்கு அழுகை வந்தது. பியானோவுக்கு அடியில் காலால் அமுக்குகிற பெடல் இருக்கிறது, அதை அமுக்கினால்தான் கையை எடுத்த பிறகும் நாதம் நிற்கும், விட்டால்தான் அடங்கும், அது இல்லாமல் இந்தச் சங்கீதமே இல்லை என்று விளக்கினாள். காலை மடக்கிக்கொண்டால் எந்தக் காலால் அமுக்குவது? கல்யாணராமன் குனிந்து பெடலைப் பார்த்தார். தீர யோசித்துவிட்டு, இதை யாராவது கையால் அமுக்கினால் ஆகாதா என்று கேட்டார்.

"நான் அமுக்கறேன்" என்றான் வெங்கிட்டு.

இப்படித்தான் மட்டாஞ்சேரியில் பியானோ என்பது இரண்டு பேர் வாசிக்கும் வாத்தியமாயிற்று. பலகைமேல் ஜமக்காளம் விரித்து விசாலாக்ஷி சம்மணம் போட்டு உட்காருவாள். கீழே, இரண்டு தேயிலைப் பெட்டிக்கும் நடுவில், வெங்கிட்டு ஒருக்களித்துப் படுத்து வலது கையைப் பெடலில் வைத்துக்கொள்வான். பலகைக்கு வெளியே நீண்டிருக்கும் அவளுடைய இடது முழங்கால்தான் அவனுக்குக் குறிப்பு. முழங்கால் உயர்ந்தால் அமுக்க வேண்டும், இறங்கினால் விட வேண்டும். என்ன ராகம், என்ன தாளம் என்பதெல்லாம் அவன் பாடு இல்லை. தினமும் காலையில் கம்பெனிக்குப் போவதற்கு முன்னால் மண்டபத்துக்கு வந்து படுத்துக்கொள்வான். சட்டை அழுக்காகுமென்று பனியனோடு படுப்பான். பெண்டாட்டி காலடியில் கிடக்கிறான் என்று தெருவில் சொல்லிச் சிரித்தார்கள். கிடக்கிறேனே, அதில் என்ன ரகசியம் என்பான். முதல் வருஷம் அவன் அமுக்கியதெல்லாம் கொஞ்சம் பிந்தித்தான் விழுந்தது. விசாலாக்ஷி மேலேயிருந்து பல்லைக் கடிக்கும் சத்தம் அவனுக்கு நன்றாகக் கேட்கும்.

வயலினுக்குச் சபையின் வித்வான் நீலகண்டன் கிடைத்தார். பக்கவாத்தியமாக எத்தனையோ பேருக்கு வாசித்தவர், கோடு போட்ட மேல்நாட்டு ஸ்வரக் காகிதம் மட்டும் படிக்கத் தெரியாது. விசாலாக்ஷி வயலின் பாகத்தை ஒற்றை விரலால் கட்டையில் தட்டிக்காட்ட, அவர் அதை ஸரிகம ஆக்கி மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டார். இது என்ன ராகம் என்று அவள் சொல்லவே மாட்டேன் என்கிறாள் என்று அவருக்கு வருத்தம். கமகம் போடாதீர்கள் மாமா என்றால், போடவில்லையே குழந்தே, அது தானாக வருகிறதே என்பார். ஆனால் ஒருநாள் காலை, அவர் தரையில் உட்கார்ந்து வயலினைக் காலில் ஊன்றிக்கொண்டு முதல் வரியை வாசிக்க, இவள் தன் பதிலை வாசித்தபோது, கேள்வி முதல்முறையாகக் காதில் விழுந்தது. இத்தனை வருஷமாகத் தான் சொல்லிக்கொண்டிருந்தது இதற்கா என்று விசாலாக்ஷிக்குத் தோன்றியது. அழுதுகொண்டே வாசித்தாள். முழங்கால் கண்டபடி ஆடியதில் கீழே வெங்கிட்டு குழம்பிப்போனான்.

1973 விஜயதசமி அன்று முதல் கச்சேரி. அதற்கு முந்தின நாட்களில் வாத்தியங்களையெல்லாம் பூஜைக்கு வைத்துவிடுவார்கள், தொடக் கூடாது. பியானோவுக்கும் மாலை போட்டு, ஒவ்வொரு வெள்ளைக் கட்டைக்கும் பக்தியோடு சந்தனம் வைத்திருந்தார்கள். காலையில் அது காய்ந்து, கட்டைக்குக் கட்டை ஒட்டிக்கொண்டது. ஈரத் துணியால் துடைத்தே வெங்கிட்டுவுக்குக் கை ஓய்ந்தது. அதுகூடப் பரவாயில்லை. முதல் பாகம் நன்றாகவே நடந்தது. முடிந்ததும் இரண்டாவது பாகத்துக்கு முன்னால் விசாலாக்ஷி ஒரு மூச்சு விட்டாள். அந்த ஒரு மூச்சுக்குள் ஜனங்கள் கைதட்டினார்கள். இரண்டு பேர் எழுந்து செருப்பைத் தேடினார்கள். ஜனம் எழுந்திருப்பதைக் கண்டால் நீலகண்டனின் கை அவரைக் கேட்காது. அது பாட்டுக்கு மங்களம் வாசிக்க ஆரம்பித்துவிட்டது.

மங்களம் வாசித்தால் கச்சேரி முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு ஸ்வரம் வாசித்தாலும் அசுபம். இது அந்த மண்டபத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். எல்லோரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். கல்யாணராமன் பொன்னாடையோடு மேடையேறினார். விசாலாக்ஷி இரண்டு பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டைமேல் விரலோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். இன்னும் இரண்டு பாகம் இருக்கிறதே மாமா என்றதற்கு, மங்களம் ஆயாச்சே என்று அவர் பொன்னாடையைப் போர்த்திவிட்டார். நீலகண்டன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவரை என்ன சொல்வது?

அடுத்த வருஷம் அவள் முன்கூட்டியே கமிட்டிக்குப் போய், இது மூன்று பாகம், மூன்றும் சேர்ந்ததுதான் ஒன்று என்று படித்துப் படித்துச் சொன்னாள். கமிட்டி கவனமாகக் கேட்டுக்கொண்டு, மூன்று பாகத்துக்கும் மூன்று சாயங்காலம் ஒதுக்கியது. ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு பாகம், ஒரு மங்களம், ஒரு சுண்டல். மூன்றாம் நாள் வந்தவர்கள் முதல் நாள் வராதவர்கள். கதை விட்டுப்போய்விட்டது, ஆனாலும் நன்றாக இருந்தது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். பாராட்டுபவர்களை அடிக்கவா முடியும்? அவள் சுண்டலைத் தின்றாள்.

அதற்கடுத்த வருஷம் நடந்ததை விசாலாக்ஷி வெகுகாலம் மன்னிக்கவில்லை. மேடையில் ஒரு ஆள் படுத்துக்கொண்டு எதையோ அமுக்கி அமுக்கி எடுப்பதைச் சபையோர் முதலிலிருந்தே மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்மோனியத்துக்குத் துருத்தி போடுவதுபோல இவன்தான் காற்றுப் போடுகிறான், இவன் நிறுத்தினால் வாத்தியமே நின்றுவிடும் என்பது அவர்கள் முடிவு. மேலும் அந்தக் கச்சேரியில் மிருதங்கம் கிடையாது. மிருதங்கம் இல்லாவிட்டால் தனி ஆவர்த்தனம் யார் வாசிப்பது? தனி வேண்டுமென்று முதல் வரிசையிலிருந்து நீலகண்டனுக்குச் சீட்டு வந்தது. இரண்டாம் பாகம், மெதுவாகப் போகிற பாகம், பாதியில் இருக்கும்போது, நீலகண்டன் ஒரு வரி முடிந்த இடத்தில் வில்லை மடியில் வைத்துவிட்டுக் கீழே பார்த்து, வாசியுங்கோ என்று பெருந்தன்மையாகக் கையைக் காட்டினார். மண்டபமே வெங்கிட்டுவைப் பார்த்தது. அவன் என்ன செய்வான்? அமுக்கினான். விட்டான். மறுபடி அமுக்கினான். பியானோவின் வயிற்றுக்குள்ளிருந்து தும் தும் என்று சத்தமும், பின்னாலேயே கம்பிகளின் முனகலும் வந்தன. ஜனங்கள் தொடையில் தாளம் போட்டார்கள். முடிந்ததும் எழுந்த கைதட்டல் அந்தச் சபை அதுவரை கேட்டறியாதது. எழுந்தார்கள், ஆகவே மங்களம்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "உங்களை ஆர் தனி வாசிக்கச் சொன்னா?"

"எல்லாரும் என்னையே பாத்தா, விசாலம். நேக்கு வேற என்ன தெரியும்?"

அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் உள்ளூர்ப் பத்திரிகையில் விமர்சனம் வந்தது. பியானோவைப் பற்றி ஒரு வரி, பெடல் வித்வானின் லய ஞானத்தைப் பற்றி ஒரு பத்தி. மறு வருஷ நோட்டீஸில் 'பெடல்: ஸ்ரீ வெங்கிட்டு' என்று தனியாகப் போட்டார்கள். அவனுக்கும் ஒரு பொன்னாடை. கம்பெனியில் மிளகு மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவனை எர்ணாகுளம் சபைக்காரர்கள், உடைந்துபோன அந்தப் பாதிச் சபைக்காரர்கள், தேடிவந்து தங்களுக்கும் ஒருநாள் பெடல் வாசிக்க வேண்டுமென்று கேட்டார்கள். வாத்தியம் வேண்டாமாம், பெடல் மட்டும் போதுமாம். அவன் கும்பிட்டு அனுப்பிவைத்தான்.

இப்படியே வருஷங்கள் போயின. ஒரு வருஷம் மின்சாரம் போய்விட்டது. ஒரு வருஷம் யாரோ தலைவர் காலமானார். ஒரு வருஷம் மூன்றாம் பாகம் வரை வந்துவிட்டாள், முடிவுக்கு ஒரு பக்கம்தான் பாக்கி. அப்போது சுண்டல் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தவன் கதவில் இடித்துக் கொட்டிவிட்டான். எல்லோரும் எழுந்தார்கள். அப்புறம் என்ன, நீலகண்டன் கை. விசாலாக்ஷி காலையில் நர்சரிப் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள், மாலையில் மண்டபத்தில் சாதகம் செய்வாள். தலை நரைக்க ஆரம்பித்தது. மட்டாஞ்சேரியின் ஒரே பியானோக் கலைஞர் என்று மேடையில் அவளைச் சொல்வார்கள். ஒரு சொனாட்டாவைக்கூட முழுசாக வாசிக்காத கலைஞர் என்று அவள் மனதுக்குள் சேர்த்துக்கொள்வாள். எத்தனை பொன்னாடை போர்த்தினாலும் அந்த இடம் மூடவில்லை.

ஒரு வருஷம் வெறுத்துப்போய், இனி நான் வாசிக்கவில்லை, அந்தச் சாதனத்தின் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் மரம் ஊதிக் கட்டைகள் எழும்பாமல் போகும். அதற்காகப் பியானோவுக்குள் ஒரு சின்ன பல்பைத் தொங்கவிட்டு எரிய வைப்பது வழக்கம். வெங்கிட்டு தினமும் குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பல்பைப் போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தான். ஒருநாள் அவள் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். அவன் பல்பைப் போட்டுவிட்டு, தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவில் படுத்து, வெறுமனே பெடலை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். துருப் பிடிச்சுடுமோல்லியோ என்றான். அவள் பலகைமேல் ஏறிக் காலை மடக்கிக்கொண்டாள்.

1986-இல் சபை மண்டபத்தை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டுவதென்று முடிவாயிற்று. பியானோ போயாக வேண்டும். வீட்டு வாசல் அதே வாசல்தான். யார் யாரையோ கேட்டுப் பார்த்து, கடைசியில் போர்ட் கொச்சியில் புதிதாக வந்த ஒரு ஹோட்டல்காரர் வாங்கிக்கொள்ள இசைந்தார். வரவேற்பு அறையில் வைப்பாராம், மேலே பூச்சாடி. மூடியைப் பூட்டிவிடுவோம், விருந்தாளிகளின் குழந்தைகள் தட்டினால் தொந்தரவு என்றும் சொன்னார். விசாலாக்ஷி சரி என்று தலையாட்டினாள். அன்றிரவு சாப்பிடவில்லை. இந்தப் பியானோ இறங்கிவிட்டால் அந்த அரைமணி நேரம் இந்த ஜன்மத்தில் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். வெங்கிட்டுவுக்கும் தெரியும்.

இறக்குவது யார் என்ற பழைய வழக்கு மறுபடி எழுந்தது. இந்தத் தடவை ஒரு அதிகாரியே வந்து தீர்த்துவைத்தார். பியானோவின் இடது பாதியை இசக்கிமுத்துவின் ஆட்களும் வலது பாதியை நாணுவின் ஆட்களும் தூக்க வேண்டும். இடது பக்கம் மந்தர ஸ்தாயி, கம்பி தடிமன், கனம் கூடுதல் என்று இசக்கிமுத்து ஆட்சேபித்தார். அவருக்கு ஒரு ஆள் கூடுதலாக அனுமதிக்கப்பட்டது.

தூக்குகிற அன்று காலையில் இரண்டு கூட்டமும் வந்து மேடைக்கு இரண்டு பக்கமும் நின்றன. சரஸ்வதி படத்தை முன்பே எடுத்தாகிவிட்டது. விசாலாக்ஷி நீலகண்டனைச் சொல்லி வரவழைத்திருந்தாள். அவர் வயலினைத் தூக்கிக்கொண்டு, படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். எடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் வாசித்துக்கொள்ளட்டுமா என்று அவள் பொதுவாகக் கேட்டாள்.

இசக்கிமுத்து நாணுவைப் பார்த்தார். நாணு இசக்கிமுத்துவைப் பார்த்தார். சரி என்று முதலில் சொல்பவர்தான் பியானோவின்மேல் அதிகாரம் உள்ளவர் என்றாகிவிடும். வேண்டாம் என்று சொன்னாலும் அப்படித்தான். ஆகவே இருவரும் வாயைத் திறக்கவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத அந்த மௌனத்தில் விசாலாக்ஷி மேடையேறினாள்.

ஏறினால் தேயிலைப் பெட்டிகளைக் காணவில்லை. முந்தின நாளே யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். அவள் திகைத்து நிற்கும்போது, கல்யாணராமன் ஆபீஸ் அறையிலிருந்து ஒரு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். கிழவருக்கு மூச்சு இரைத்தது. அதைப் பியானோ முன்னால் போட்டார்.

"இனி இது மேடையில்லை, குழந்தே. வெறும் பலகைதான். காலைத் தொங்கவிட்டு நன்னா உக்காந்துக்கோ."

விசாலாக்ஷி உட்கார்ந்தாள். கால் தரையைத் தொட்டது. வலது பாதத்தைப் பெடலில் வைத்து ஒரு கட்டைக் கொத்தை அடித்துப் பார்த்தாள். கால் முந்திக்கொண்டது. மறுபடி அடித்தாள், பிந்திக்கொண்டது. நாதம் துண்டு துண்டாக விழுந்தது. கான்வென்டில் பழகிய கால் எங்கேயோ போயிருந்தது. தன் காலை அன்னியர் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். மேடைக்குக் கீழே வெங்கிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஒரு முறை கட்டிக்கொண்டும் ஒரு முறை தொங்கவிட்டும் நின்றிருந்தான். அவனுக்குக் கம்பெனியில் ஒரு வருஷம் முன்னால் ஓய்வு கொடுத்திருந்தார்கள். அன்றைக்குக்கூட அவன் முகம் அப்படி இருக்கவில்லை.

அவள் நாற்காலிமேலேயே இரண்டு காலையும் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

"ஏன்னா, வந்து படுங்கோ."

அவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து படுத்தான். நாற்காலியில் கால் மடங்கினால் அது நாற்காலியா தரையா என்று கல்யாணராமன் ஒரு கணம் யோசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார்.

வாசித்தார்கள். முதல் பாகம் முடிந்தது. அவள் மூச்சு விட்டாள். யாரும் கைதட்டவில்லை. சுமட்டுக்காரர்களுக்கு அங்கே கைதட்டலாம் என்பது தெரியாது. யாரும் எழுந்து போகவும் இல்லை. பீடி பிடிக்க ஒரு கூட்டம் வெளியே போனால் மற்றக் கூட்டம் பியானோவில் கை வைத்துவிடும் என்று இரண்டு பக்கமும் கண் இமைக்காமல் நின்றார்கள். அவளுடைய வாழ்க்கையில் இப்படி ஒரு சபை வாய்த்ததே இல்லை. நீலகண்டன் கை வயலின்மேல் இருந்தது. எழுந்திருக்கிறவர்கள் இல்லாததால் அது சும்மா இருந்தது.

இரண்டாம் பாகம். நீலகண்டனின் வில் நிதானமாக நகர்ந்தது. கமகம் வந்தது, அவள் தடுக்கவில்லை, வரட்டும் என்று விட்டாள். பதிலையும் அதற்குத் தகுந்தபடி மெதுவாகவே சொன்னாள். ஒரு கட்டை ஈரத்தில் எழும்பவில்லை, அந்த இடத்தில் பக்கத்து விரலால் சுற்றிக்கொண்டு போனாள். கீழே பெடல் ஒரு இடத்திலும் பிந்தவில்லை. நாணு தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். கால் வலித்திருக்க வேண்டும், இசக்கிமுத்து மேடை விளிம்பில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததால் நாணுவும் எதிர் விளிம்பில் உட்கார்ந்தார். மூன்றாம் பாகம் ஓட்டமாக ஓடுகிற பாகம். விசாலாக்ஷிக்குப் பயம் வந்தது. எங்கேயாவது ஒரு கதவு, ஒரு அண்டா, ஒரு தலைவர். ஒன்றும் வரவில்லை. பக்கம் திரும்பியது. அவள் முதல் பாகத்திலிருந்து தொடர்ந்து வந்து பொதுவில் ஒருமுறைகூட எட்டியிராத அந்தக் கடைசிப் பக்கம், வரி வரியாக வந்து, தீர்ந்து, இரண்டு கையும் சேர்ந்து விழும் கடைசிக் கொத்தில் நின்றது. நீலகண்டன் வில்லைக் கம்பியிலிருந்து எடுத்து மடியில் வைத்தார்.

அவளும் கட்டையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முழங்கால் உயர்ந்தபடியே இருந்தது. கீழே வெங்கிட்டு பெடலை அமுக்கிக்கொண்டு முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். நாதம் மண்டபத்தில் நின்றது. காகிதத்தில் எழுதியிருந்த அளவு எப்போதோ முடிந்துவிட்டது. முழங்கால் இறங்கவில்லை. நாணு எழுந்தார், இசக்கிமுத்துவும் எழுந்தார், இருவரும் எழுந்த இடத்திலேயே நின்றார்கள்.

"விசாலம், விடட்டுமா?" என்று கீழேயிருந்து மெல்லக் கேட்டான்.

"வேண்டாம். கொஞ்சம் இருக்கட்டும்."

அவன் கையை எடுக்கவில்லை.